அவுட்டர் பேங்க்ஸ்: மணலைத் தவிர அங்கே என்னதான் இருக்கிறது?

#1 கேரி_பிரபு
அப்பா, அம்மா திருச்சியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. கோயில், காஸ்ட்கோ, மறுபடி கோயில் என்றே பொழுது போய்விட்டது. அடுத்த நீண்ட வாரயிறுதிக்கு நார்த் கரோலினா கடற்கரைப் பக்கம், அவுட்டர் பேங்க்ஸ் தீவுகளுக்குக் கூட்டிப் போகலாம் என்று எண்ணம். ஆபீஸில் கேட்டால் "பீச் ஹவுஸ் எடு, பியர் குடி, தூங்கு" என்கிறார்கள். அப்பாவிடம் அதெல்லாம் செல்லாது. ஆயுசு பூரா சரித்திர வாத்தியாராக இருந்தவர், கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார். ரைட் சகோதரர்கள் நினைவிடமும் ஹேட்டரஸ் கலங்கரை விளக்கமும் லிஸ்டில் இருக்கின்றன. அதற்கு மேல், மணலைத் தவிர அங்கே என்னதான் இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 டர்ஹம்_முருகு
காத்து இருக்கு. மணலும் காத்தும் சேர்ந்து காருக்குள்ள வரும், அடுத்த தீபாவளி வரைக்கும் போகாது.

#3 நெய்தல்
பிரபு, அப்பா சரித்திர வாத்தியார் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். ரைட் நினைவிடத்திலிருந்தே தொடங்குங்கள், ஆனால் விமானத்தை விட்டுவிட்டு அந்தப் புகைப்படத்தைப் பற்றிக் கேளுங்கள்.

1903 டிசம்பர் 17. விமானம் தண்டவாளத்தை விட்டு எழும்பும் அந்த உலகப் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் ஜான் டேனியல்ஸ். அவர் புகைப்படக்காரர் இல்லை, அதற்கு முன் கேமராவையே தொட்டதில்லை. பக்கத்தில் இருந்த கில் டெவில் ஹில்ஸ் உயிர்காப்பு நிலையத்துக் காவலர். ரைட் சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் கேமராவை நிறுத்திவைத்து, "வண்டி எழும்பினதும் இந்த ரப்பர் பந்தை அமுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் விமானத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார். முதல் பறத்தல் 12 வினாடி, 120 அடி. அன்றைக்கு நான்காவது முறை 59 வினாடி, 852 அடி. அதன் பிறகு நின்றுகொண்டிருந்த விமானத்தைக் காற்று புரட்டிப் போட்டது. பிடிக்கப் போன டேனியல்ஸும் அதோடு சேர்ந்து உருண்டார். விமானத்தில் அடிபட்ட முதல் ஆட்களில் ஒருவர் என்று அவரைத் தாராளமாகச் சொல்லலாம். அன்று சாட்சியாக நின்ற ஐந்து பேரில் மூன்று பேர் அந்த நிலையத்து ஆட்கள்.

இந்தக் காவலர்கள் யார், அத்துவானக் காட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் இந்தக் கரையின் உண்மையான சரித்திரம். ஹேட்டரஸ் முனைக்கு வெளியே தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டமும் வடக்கிலிருந்து வரும் குளிர்நீரோட்டமும் சந்திக்கின்றன. அங்கேயே டைமண்ட் ஷோல்ஸ் என்ற மணல்திட்டு, இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களை விழுங்கிய கடல் அது. 1877 நவம்பரில் ஹியூரான் என்ற கடற்படைக் கப்பல் நாக்ஸ் ஹெட்டில் தரைதட்டி 98 பேர் செத்தார்கள். கூப்பிடு தூரத்தில் உயிர்காப்பு நிலையம் இருந்தது, பூட்டிக் கிடந்தது. டிசம்பரில்தான் திறப்பார்கள், அது விதி. இரண்டே மாதத்தில் மெட்ரோபோலிஸ் என்ற இன்னொரு கப்பல், இன்னொரு 85 உயிர். அதற்குப் பிறகுதான் வாஷிங்டனில் பணம் ஒதுக்கினார்கள், கரை நெடுகச் சில மைலுக்கு ஒரு நிலையம் வந்தது. இரவெல்லாம் ஒரு காவலர் கரையோரம் நடப்பார். எதிர்ப் பக்கத்து நிலையத்துக் காவலரைப் பாதி வழியில் சந்தித்துப் பித்தளை வில்லையை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கையில் அடுத்த நிலையத்து வில்லை இல்லாமல் வந்தால், நடக்காமல் எங்கோ படுத்துவிட்டான் என்று அர்த்தம்.

ரோடான்தேயில் 1874-ல் தொடங்கிய சிக்கமகோமிக்கோ நிலையம் அருங்காட்சியகமாக இருக்கிறது. கோடையில் போனால் அந்தக் கால மீட்புப் பயிற்சியைச் செய்தே காட்டுவார்கள்: சிறு பீரங்கியால் கயிற்றைக் கப்பலுக்கு எறிந்து, அதில் மிதவையைக் கோர்த்து, ஆளை உட்கார வைத்து இழுப்பது.

#4 டர்ஹம்_முருகு
விமானத்தச் செஞ்சது ஒஹாயோக்காரன், காத்து மட்டும்தான் நம்மளது. ஆனா நம்ம நம்பர் பிளேட்டுல "முதல்ல பறந்தது இங்கதான்"னு போட்டுக்கறோம். அவனும் அவன் பிளேட்டுல "விமானம் பொறந்தது எங்க ஊர்ல"ன்னு போட்டுக்கறான். ரெண்டு காரும் சிக்னல்ல பக்கத்துல நின்னா எனக்குச் சிரிப்பு வரும்.

#5 ஏட்டுச்சுவடி
நெய்தல் எழுதியதோடு பீ ஐலண்டைச் சேர்க்காமல் விட்டால் பாதிக் கதைதான். சிக்கமகோமிக்கோவுக்கு வடக்கே, இன்று பறவைகள் சரணாலயம் இருக்கும் இடத்தில் இருந்த நிலையம்.

1880-ல் அதன் தலைவராக நியமிக்கப்பட்டவர் ரிச்சர்ட் எத்ரிஜ். ரோனோக் தீவில் அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போரில் வடக்கின் கறுப்பினப் படைப்பிரிவில் சண்டையிட்டவர். ஒரு நிலையத்துக்குக் கறுப்பினத்தவர் தலைமை வகிப்பது அதுவே முதல் முறை. அவருக்குக் கீழே வெள்ளையர்கள் வேலை செய்யவில்லை, ஆகவே மற்ற நிலையங்களில் எடுபிடியாக இருந்த கறுப்பினக் காவலர்களைக் கொண்டு ஒரு குழு அமைந்தது. அவர் வந்த சில மாதத்தில் நிலையமே எரிந்து போனது. யாரோ வைத்த தீ என்றுதான் அன்று முதல் பேச்சு. அவர் மறுபடி கட்டினார். பயிற்சியில் அவரைப்போல் கறாரானவர் அந்தக் கரையில் இல்லை என்று பெயர்.

1896 அக்டோபர் 11. புயல். கடல் ஏறி மணல்மேட்டையே மூடிவிட்டதால் அன்று ரோந்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். இ. எஸ். நியூமேன் என்ற பாய்க்கப்பல் அடித்துக்கொண்டு வந்து நிலையத்துக்குத் தெற்கே தரைதட்டியது. காவலில் இருந்தவர் இருட்டில் ஒரு வெளிச்சம் தெரிந்ததாகச் சந்தேகப்பட்டு எத்ரிஜைக் கூப்பிட்டார். கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பீரங்கியை ஊன்ற நிலமில்லை, படகை இறக்க வழியில்லை. எத்ரிஜ் இரண்டு பேரை ஒன்றாகக் கயிற்றில் கட்டி அலைக்குள் அனுப்பினார். கயிற்றின் மறுமுனை கரையில் நின்றவர்கள் கையில். முதலில் வந்தது கேப்டனின் மூன்று வயது மகன். பிறகு கேப்டனின் மனைவி. சோர்ந்தவர்களை மாற்றி மாற்றி அனுப்பி ஒன்பது பேரையும் கரை சேர்த்தார்கள், ஒரு உயிர்கூடப் போகவில்லை.

பதக்கம் எதுவும் வரவில்லை. இரண்டு ஆய்வு மாணவர்களும் ஒரு பள்ளிச் சிறுமியும் இன்னும் சிலரும் விடாமல் முயன்று, 1996-ல், சரியாக நூறு வருஷம் கழித்து, கடலோரக் காவல்படை தங்கப் பதக்கம் கொடுத்தது. பணியில் இருக்கும்போதே 1900-ல் இறந்த எத்ரிஜின் கல்லறை ரோனோக் தீவில், மீன் காட்சியக வளாகத்திலேயே இருக்கிறது. குழந்தைகளைச் சுறா பார்க்கக் கூட்டி வருபவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை. அந்த நிலையத்தின் சமையல்கட்டை மான்டியோ ஊருக்குக் கொண்டுவந்து சின்ன அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அப்பாவை அங்கே விட்டுவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போகலாம்.

#6 ராலே_ரகு
ரோனோக் என்றதும் ஞாபகம் வருகிறது, காணாமல் போன குடியேற்றத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! 1587-ல் வந்த நூற்றுச் சொச்சம் ஆங்கிலேயர்கள் மாயமாக மறைந்து போனார்கள். இன்று வரை ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை. மரத்தில் ஒரே ஒரு மர்ம வார்த்தை. யூடியூபில் பார்த்தால் புல்லரிக்கிறது. சாபம் என்கிறார்கள், நரமாமிசம் என்கிறார்கள்.

#7 ஏட்டுச்சுவடி
ரகு, புல்லரிப்புக்கு நான் குறுக்கே வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஆளுநர் ஜான் ஒயிட் சாமான் கொண்டுவர இங்கிலாந்து போனார். ஸ்பெயின் படையெடுப்பு வந்ததில் கப்பல் கிடைக்காமல் மூன்று வருஷம் ஓடிவிட்டது. 1590 ஆகஸ்டில் திரும்பி வந்தபோது வீடுகள் பிரித்து எடுக்கப்பட்டிருந்தன, வேலிக் கம்பத்தில் "குரோவட்டோவன்" என்று செதுக்கியிருந்தது. இடம் மாறினால் போகும் ஊரின் பெயரைச் செதுக்குங்கள், ஆபத்து என்றால் மேலே சிலுவை போடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். சிலுவை இல்லை. குரோவட்டோவன் என்பது இன்றைய ஹேட்டரஸ் தீவு. அங்கே இருந்தவர்கள் மான்டியோ என்பவரின் சொந்தங்கள். இங்கிலாந்துக்கே போய் வந்தவர் அவர், இவர்களுக்கு நண்பர். ஒயிட் அங்கே போகக் கிளம்பினார், புயலில் நங்கூரங்களை இழந்து திரும்பிவிட்டார். முகவரி எழுதிவைத்துவிட்டுப் போனவர்களை மாயமாக மறைந்தார்கள் என்பது எந்த ஊர் நியாயம்?

எல்லாரும் ஒரே இடத்துக்குப் போனார்களா, பிரிந்து போனார்களா என்பதில் தொல்லியல்காரர்கள் சண்டை போடுகிறார்கள். ஹேட்டரஸ் தீவில் பக்ஸ்டன் பக்கமும் தோண்டுகிறார்கள், உள்நாட்டில் பெர்ட்டி கவுண்டியிலும் தோண்டுகிறார்கள். அது நல்ல சண்டை, அதைப் படியுங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு விஷயத்தில். அதே சின்னத் தீவில் இன்னொரு குடியேற்றமும் இருந்தது. 1862-ல் வடக்குப் படை ரோனோக்கைப் பிடித்ததும் சுற்று வட்டாரத்து அடிமைகள் தப்பித்து அங்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருஷம் அரசே மனை அளந்து கொடுத்து ஊர் அமைத்தது. பள்ளிக்கூடம், தேவாலயம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். போர் முடிந்ததும் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள், 1867-ல் ஊர் கலைக்கப்பட்டது. எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று எல்லாமே ஏட்டில் இருக்கிறது. மர்மம் இல்லாததால் யூடியூபில் வருவதில்லை போலும்.

#8 ராலே_ரகு
சரி சார், கோபப்படாதீங்க. கறுப்புத்தாடிக் கொள்ளையனைப் பற்றியாவது பேசலாமா, அதுவும் கூடாதா?

#9 டொராண்டோ_தம்பி
கறுப்புத்தாடியை 1718 நவம்பர் 22-ல் ஒக்ராகோக் தீவுக்குப் பக்கத்திலதான் வெட்டினவங்கள். தலையைக் கப்பலின்ரை முன்னுக்குக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போனவங்களாம். நாங்கள் குடும்பமா அந்தத் தீவுக்குப் போனனாங்கள், எனக்கு அதைவிட அங்க இருக்கிற ஒரு குட்டிச் சுடலைதான் மனசில நிக்குது.

1942 மே மாதம் பெட்ஃபோர்ட்ஷயர் எண்ட பிரிட்டிஷ் கப்பலை ஜெர்மன்காரன்ரை நீர்மூழ்கி அடிச்சது. உண்மையில அது ஒரு மீன்பிடிக் கப்பல், ஆயுதம் பூட்டி அமெரிக்கக் கரையைக் காவல் காக்க அனுப்பினவை. முப்பத்தேழு பேரும் செத்துப்போச்சினம். நாலு சடலம் மட்டும் ஒக்ராகோக் கரையில ஒதுங்கினது, அதில ரெண்டு பேரைத்தான் அடையாளம் கண்டவை. தீவுச் சனம் தங்கடை இடத்திலயே புதைச்சு, வெள்ளை மரச்சட்ட வேலி அடிச்சு, பிரிட்டிஷ் கொடி ஏத்தி வச்சிருக்கினம். ஒவ்வொரு மே மாதமும் படை மரியாதையோட அஞ்சலி நடக்கும். சுத்திவர ஓக் மரம், நுளம்பு எண்டா சொல்லி வேலையில்லை. மருந்து பூசிக்கொண்டு போங்கோ.

பிரபு அண்ணை, ஹேட்டரஸ் ஊர் நுனியில இருந்து கார் ஏத்திற ஃபெரி இருக்கு, காசில்லை. ஒரு மணித்தியாலம், சிலநேரம் கூடவும் எடுக்கும்.

#10 சிவில்_சேகர்
கலங்கரை விளக்கத்தைச் சும்மா லிஸ்டில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள் பிரபு. ஹேட்டரஸ் விளக்கம் 1870-ல் கட்டி முடித்தபோது கடல் 1,500 அடி தள்ளி இருந்தது. நூறு வருஷத்தில் அது 120 அடிக்கு வந்துவிட்டது. இந்தத் தீவுகள் நிலையானவை அல்ல. கடல் பக்கம் அரித்து உட்பக்கம் மணல் சேர்ந்து மேற்கே நகர்ந்துகொண்டே இருப்பவை. ஏறக்குறைய 200 அடி உயரம், 4,800 டன் செங்கல். என்ன செய்வது?

1999-ல் கோபுரத்தை அப்படியே தூக்கி 2,900 அடி தள்ளி வைத்தார்கள்.

#11 டர்ஹம்_முருகு
சேகர் சார், திருவாரூர் தேர் மாதிரி வடம் புடிச்சு இழுத்தாங்களா?

#12 சிவில்_சேகர்
இழுக்கவில்லை முருகு, பின்னாலிருந்து தள்ளினார்கள். முதலில் அடித்தளத்தைக் கேளுங்கள், அதுதான் ரசமான பகுதி. 1868-ல் அஸ்திவாரம் தோண்டியபோது சில அடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது, தூண் இறக்க முடியவில்லை. ஆகவே பைன் மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு பரப்பி, அதன் மேல் கருங்கல் அடுக்கி, அதன் மேல் கோபுரம். கட்டைகள் நல்ல தண்ணீரில் மூழ்கியே இருந்ததால் நூறு வருஷத்துக்கு மேல் மக்கவில்லை. கடல் நெருங்கி உப்புநீர் புகுந்தால் கட்டை போகும், கட்டை போனால் கோபுரம் போகும்.

கருங்கல் அஸ்திவாரத்தை வைரக் கம்பி ரம்பத்தால் அறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லை எடுத்து, அந்த இடத்தில் இரும்பு உத்திரங்களை நுழைத்தார்கள். நூறு ஹைட்ராலிக் ஜாக்கிகள் கோபுரத்தை ஆறடி தூக்கின. கீழே உருளைகள், தண்டவாளம். பின்னாலிருந்து தள்ளும் ஜாக்கிகள் ஐந்தடி தள்ளும், நிற்கும், இடம் மாற்றும், மறுபடி ஐந்தடி. கோபுரம் சாய்கிறதா, விரிசல் விடுகிறதா என்று உணர்கருவிகள் பார்த்துக்கொண்டே இருந்தன. ஜூன் 17-ல் கிளம்பி ஜூலை 9-ல் போய்ச் சேர்ந்தது. கடலிலிருந்து மறுபடி 1,600 அடி.

2024-ல் பெரிய பழுதுபார்ப்புக்காகச் சாரம் கட்டினார்கள். பால்கனி வரை 257 படி, ஏற விடுகிறார்களா என்று தேசியப் பூங்காவின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

#13 சுந்தரி_வில்மிங்டன்
சேகர் சார், இதில் ஊர்க்காரர்கள் பக்கத்தையும் சொல்லுங்கள். நகர்த்தக் கூடாது என்று டேர் கவுண்டியே வழக்குப் போட்டது. அலைத்தடுப்பு கட்டினால் போதும், தூக்கும்போது உடைந்தால் எங்கள் விளக்கம் போச்சு என்று எத்தனையோ பேர் அழுதார்கள். பைத்தியக்காரத்தனம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. விளக்கத்துக்கு வைக்கும் விதியைத்தான் நாளைக்கு எங்கள் வீட்டுக்கும் வைப்பார்கள் என்ற பயம் அது. இந்த மாநிலத்தில் கடலுக்கு நேரே சுவர் கட்ட 1985-லிருந்தே தடை.

#14 சிவில்_சேகர்
அந்தத் தடை சரி என்பேன் அக்கா. சுவர் கட்டினால் சுவர் நிற்கும், சுவருக்கு முன்னால் இருக்கும் மணல் போய்விடும். 1988-ல் தேசிய அறிவியல் கழகமும் 1997-ல் நம்ம என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகமும் நகர்த்துவதே வழி என்றுதான் சொன்னார்கள்.

#15 சுந்தரி_வில்மிங்டன்
அறிவியல் சரி. விளக்கத்தை நகர்த்த அரசு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. ரோடான்தேயில் வீட்டை நகர்த்த யார் கொடுப்பார்? 2020-க்குப் பிறகு ரோடான்தேயிலும் பக்ஸ்டனிலும் பத்துக்கு மேற்பட்ட வீடுகள் கடலில் விழுந்துவிட்டன. ஒவ்வொன்று விழும்போதும் ஆணி, பலகை, கழிவுத்தொட்டி எல்லாம் மைல் கணக்கில் கரையில் பரவுகிறது. விழுந்தவற்றில் பல வாடகைக்கு விடும் வெளியூர்க்காரர் வீடுகள் என்பதும் உண்மை, அதனால் ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி. பழைய ஆட்கள் கடலை ஒட்டிக் கட்டவே மாட்டார்கள். உட்பக்கம், காயல் ஓரம், ஓக் மரக் காட்டுக்குள் கட்டுவார்கள். கடல் நெருங்கினால் வீட்டைப் பெயர்த்துப் பின்னால் கொண்டுபோவதும் அங்கே புதிதில்லை.

பிரபு, ஜனவரியில் போக முடிந்தால் ரோடான்தேயில் பழைய கிறிஸ்துமஸ் பாருங்கள். 1752-ல் இங்கிலாந்து நாட்காட்டியை மாற்றி பதினொரு நாளை வெட்டியது. இந்தத் தீவுகளில் பழைய கணக்கை விடவில்லை. இன்றைக்கும் ஜனவரி 6-ஐ ஒட்டிய சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூடுகிறார்கள். வாசலில் சிப்பியைச் சுட்டு, கத்தியால் திறந்து, நின்றுகொண்டே தின்கிறார்கள். ராத்திரி பறை அடிப்பார்கள், "ஓல்டு பக்" என்ற காளை வரும். நிஜ மாட்டுக் கொம்பு வைத்த தலை, போர்வை, உள்ளே இரண்டு ஆள். கூட்டத்தை முட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காட்டுக்குள் போய்விடும், மறுபடி அடுத்த வருஷம்தான். வருஷம் பூரா சேர்த்து வைத்த சண்டையை அன்றைக்கு வாசலில் கைகலந்து தீர்த்துக்கொள்வதும் வழக்கமாம். என் கணவரோடு வேலை செய்யும் அந்த ஊர்க்காரர் கூட்டிப்போனார். இப்போது சண்டை குறைந்துவிட்டது என்று அவருக்கு ஒரே வருத்தம்.

#16 நெய்தல்
அக்கா, யோப்பானை விட்டுவிட்டீர்கள். வட அமெரிக்காவில் தானாக விளையும், காஃபீன் உள்ள செடி அது. பழங்குடிகள் இலையை வறுத்துக் குடித்தார்கள், பிறகு கரைவாசிகளும் குடித்தார்கள். தேயிலை வாங்கக் காசில்லாதவன் குடிப்பது என்று உள்நாட்டார் கேலி செய்ததில் பழக்கமே அற்றுப்போனது. இப்போது அதையே அழகான டப்பாவில் போட்டு விற்கிறார்கள். குடித்துப் பார்த்தேன், துவர்ப்பு இல்லை, பால் ஊற்றினால் ஒன்றுமே தெரியாது.

#17 கேரி_பிரபு
இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை! எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், எத்ரிஜ் பெயரை டைரியில் எழுதிக்கொண்டார். முதல் நாள் ரைட் நினைவிடம், மான்டியோ. மறுநாள் சிக்கமகோமிக்கோ, ஹேட்டரஸ், முடிந்தால் ஒக்ராகோக். இரண்டு கேள்வி. என் பெண்ணுக்குக் காட்டுக்குதிரை பார்க்க வேண்டும். அம்மா சுத்த சைவம், அங்கே என்ன கிடைக்கும்?

#18 நெய்தல்
குதிரை கொரோலாவுக்கு வடக்கே, சாலையே இல்லாத கடற்கரையில். நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் போகாதீர்கள், டூர் வண்டியில் போவது உத்தமம். ஐம்பது அடிக்குள் நெருங்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. ஒரு குட்டி ஆப்பிள் தொண்டையில் சிக்கிச் செத்தே போனது. இதை ஹேட்டரஸோடு ஒரே நாளில் வைக்காதீர்கள், அது வடகோடி, இது தென்கோடி. நேரம் இல்லையென்றால் பெண்ணை ஜாக்கீஸ் ரிட்ஜ் மணல்மேட்டில் சாயங்காலம் ஓட விடுங்கள். 1973-ல் அதை இடித்து வீடு கட்ட வந்த புல்டோசருக்கு முன்னால் கேரலிஸ்டா பாம் என்ற பெண்மணி போய் நின்றதால்தான் அது இன்று மாநிலப் பூங்கா.

#19 டர்ஹம்_முருகு
சைவத்துக்கு ஹஷ்பப்பி கெடைக்கும், சோளமாவு போண்டா. முட்டை சேப்பாங்க, மீன் பொரிச்ச எண்ணெயிலயே போட்டும் எடுப்பாங்க, கேட்டுக்குங்க. பேசாம புளிசாதம் கட்டிக்குங்க. மணலுக்கு முன்னாடி சாப்பிட்டு முடிச்சிருங்க.